காசு வாங்காத வழக்கறிஞர்களும் எல்லை தாண்டும் சட்டமும்

2019ல் வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாட்டின் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 27 பேர் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பருவநிலை மாற்றத்தைத் தடுப்பதில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை இருக்கிறது? அந்தக் கடமையில் தவறினால் என்ன ஆகும்? இதை ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்திடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஆனால், தனி மனிதரோ சங்கமோ அந்த நீதிமன்றத்தில் மனுப் போட முடியாது. ஐநா பொதுச் சபை போன்ற ஓர் அமைப்பு கேட்டால்தான் அது ஆலோசனைக் கருத்து சொல்லும். அதனால் மாணவர்கள் பசிபிக் தீவு அரசாங்கங்களுக்கு எழுதினார்கள். வனுவாட்டு அரசாங்கம் முன்வந்தது. அப்புறம் நாடு நாடாக ஆதரவு திரட்டும் வேலை நடந்தது. 2023 மார்ச் 29ல் பொதுச் சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதை முன்னெடுத்த 18 நாடுகள் கொண்ட மையக் குழுவில் சிங்கப்பூரும் இருந்தது.

இது நம் சிங்கப்பூரில் பலருக்குத் தெரியாத செய்தி. 2024 டிசம்பரில் ஹேக்கில் நடந்த விசாரணையில் 96 நாடுகளும் 11 அனைத்துலக அமைப்புகளும் பேசின. சிங்கப்பூரும் பேசியது. 2025 ஜூலை 23ல் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்து வெளியிட்டார்கள். பிற நாடுகளுக்கும் பொதுவான சூழலுக்கும் பெருந்தீங்கு நேராமல் தடுப்பது ஒவ்வொரு நாட்டின் சட்டக் கடமை. புதைபடிவ எரிபொருள் எடுக்க உரிமம் தருவதும் மானியம் கொடுப்பதும்கூட அந்தக் கடமையை மீறும் செயலாகலாம். மீறிய நாடு இழப்பீடு தர வேண்டிவரலாம். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் அதன் சாரம். ஆலோசனைக் கருத்து என்பது ஒரு வழக்கின் தீர்ப்பைப்போல யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால், அது எடுத்துச் சொல்லும் சட்டம் ஏற்கெனவே எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகிற சட்டம். இனி எந்த நாட்டு நீதிமன்றத்தில் பருவநிலை வழக்கு வந்தாலும் இந்த ஆவணம் மேசைமேல் இருக்கும்.

நமக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்கும் கீழேதான் இருக்கிறது. கரையைக் காக்க அடுத்த நூறாண்டில் 100 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். கடல் உயர்ந்து கரை உள்வாங்கினால், ஒரு நாடு ஏற்கெனவே அறிவித்த கடல் எல்லைக் கோட்டை மாற்றியாக வேண்டுமா என்ற கேள்விக்கும் ஹேக் நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: மாற்ற வேண்டியதில்லை. தாழ்ந்த கரையுள்ள எல்லா நாடுகளுக்கும் இது பெரிய பாதுகாப்பு.

இவ்வளவும் எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். இந்த முயற்சியைத் தொடங்கியது எந்த வெளியுறவு அமைச்சும் அல்ல. சம்பளம் இல்லாத மாணவர்களும், அவர்களுக்குத் துணை நின்ற லாப நோக்கற்ற அமைப்புகளின் வழக்கறிஞர்களும் தொடங்கி வைத்த வேலை. அனைத்துலகச் சுற்றுச்சூழல் சட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால் திரும்பத் திரும்ப இதே கதைதான் வருகிறது. இந்தச் சட்டத்துக்கு உலகப் போலீஸ் இல்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்று ஒருவர் இல்லை. தனக்கென ஒரு நீதிமன்றமும் இல்லை. உடன்படிக்கைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன; அவற்றைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்க ஆள் இருந்தால்தான் அவை உயிரோடு இருக்கின்றன.

அந்த ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பாதி வேலை பேச்சுவார்த்தை அறைக்குள்ளேயே நடக்கிறது. பருவநிலை மாநாட்டுக்குப் பெரிய நாடுகள் நூற்றுக்கணக்கானவர்களை அனுப்புகின்றன. ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து மூன்று பேர் வருவார்கள். ஒரே நேரத்தில் ஏழெட்டு அறைகளில் கூட்டம் நடக்கும். ஒரு வரியில் 'வேண்டும்' என்பது 'முயல வேண்டும்' என்று மாறினால் முப்பது ஆண்டுக்குக் கதை முடிந்தது. அதைப் பார்த்து நிறுத்தச் சட்டம் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். 1989ல் லண்டனில் பிலிப் சான்ட்ஸ், ஜேம்ஸ் கேமரன் ஆகிய இருவர் ஓர் அறக்கொடைச் சட்ட மையத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது 'ஃபீல்ட்' என்ற பெயரில் அறியப்பட்டது. 1990ல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவானபோது இந்த மையத்தின் வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமல் ஆலோசனை தந்தார்கள். தீவு நாட்டுக் குழுக்களின் உறுப்பினர்களாகவே கூட்டங்களில் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டணியில் சிங்கப்பூரும் ஓர் உறுப்பினர்.

1991ல் வனுவாட்டு அந்தக் கூட்டணியின் சார்பில் ஒரு திட்டம் வைத்தது. கடல் மட்டம் உயர்வதால் வரும் இழப்பை ஈடுகட்ட, தொழில்வள நாடுகள் பணம் போட்டு ஒரு காப்பீட்டு நிதி அமைக்க வேண்டும் என்றது. அன்றைக்கு யாரும் ஏற்கவில்லை. ஆனால் எழுத்தில் பதிந்துவிட்டது. அந்த எண்ணம் 2013ல் வார்சாவில் 'இழப்பும் சேதமும்' என்ற தலைப்பில் ஓர் ஏற்பாடாக வந்தது. 2022ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் தனி நிதியாகவே முடிவானது. முப்பத்தோரு ஆண்டு. அவ்வளவு காலம் ஒரு கோரிக்கையைச் சட்ட மொழியில் அழியாமல் வைத்திருப்பதற்கு என்ன பொறுமை வேண்டும்! இந்தப் பொறுமைக்குச் சம்பளம் தர எந்தப் பெருநிறுவனமும் முன்வராது.

மீதிப் பாதி வேலை, வெளியே எழுதிய கொள்கையை உள்நாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவது. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உலகம் படிக்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் சிங்கப்பூரில் நிறைய உண்டு. பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்டுப்போனதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற சங்கம் அதை எதிர்த்து இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. 1972ல் ஐநா சுற்றுச்சூழல் மாநாடு வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பிரகடனத்தையும் 1992 ரியோ பூவுலக மாநாட்டையும் எடுத்துக்காட்டி இரண்டு கொள்கைகளை அது ஊன்றி வைத்தது. அறிவியல் முழு உறுதியோடு நிரூபிக்கும்வரை காத்திராமல் ஆபத்தைத் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. இவை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது.

அதோடு விடவில்லை. வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்ஜிஆர் மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் இதற்கென்றே பசுமை அமர்வு ஒன்றை அமைத்துக் கண்காணிக்கட்டும் என்றது. ஆறு முழுதாகத் தேறிவிடவில்லை. அந்த வேதனை தனி. ஆனால் ரியோவில் இராஜதந்திரிகள் எழுதிய ஒரு வாசகம், நான்கே ஆண்டில் வாணியம்பாடியில் ஓர் ஆலை வாசலுக்கு வந்து நின்றது. கொண்டுவந்தது ஓர் ஊர்ச் சங்கம்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். அனைத்துலகச் சட்டம் எழுதும் மேசையில் இந்தச் சின்ன நாட்டுக்கு இருக்கும் இடம் உண்மையிலேயே பெருமைப்படத்தக்கது. ஐநா கடல் சட்ட மாநாட்டை முடித்து வைத்த தலைவர் டாமி கோ. 1982ல் ஜமைக்காவின் மான்டிகோ பேயில் அந்த உடன்படிக்கை கையெழுத்தானது. 1992 ரியோ பூவுலக மாநாட்டின் முதன்மைக் குழுவுக்கும் அவரே தலைவர். கடல் சட்டப் பேச்சுகளில் பங்கெடுத்த இன்னொருவர் எஸ். ஜெயகுமார், சட்டப் பேராசிரியராக இருந்து பின்னாளில் துணைப் பிரதமரானவர். ஆழ்கடல் உயிர்வள உடன்படிக்கையின் பேச்சுவார்த்தைக்குத் தலைமை வகித்தவர் நம் தூதர் ரெனா லீ. 2023 மார்ச் 4 இரவு நியூயார்க்கில், கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்று அவர் அறிவித்தபோது மன்றமே எழுந்து நின்றது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல், அதாவது உலகக் கடற்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அந்த உடன்படிக்கையின் கீழ் வருகிறது. அதற்குப் பின்னாலும் 2011ல் லாப நோக்கற்ற அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய ஆழ்கடல் கூட்டணி இருந்தது. 60 நாடுகளின் ஒப்புதல் 2025 செப்டம்பரில் கிடைக்கும்வரை அவர்கள் நாடு நாடாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

படிப்பிலும் குறையில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் 1996ல் ஆசிய பசிபிக் சுற்றுச்சூழல் சட்ட மையம் தொடங்கியது. கோ கெங் லியான், லை லின் ஹெங் போன்ற பேராசிரியர்கள் அதை வளர்த்தார்கள். இன்று ஆசியாவின் பல நாடுகளில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களில் அந்த மையத்தோடு தொடர்புடையவர்கள் உண்டு.

எதிர்த்தரப்பில் நின்ற அனுபவமும் நமக்கு இருக்கிறது. துவாசிலும் புலாவ் தேக்கோங்கிலும் நடந்த கடல் நிரப்பு வேலை ஜொகூர் நீரிணையைப் பாதிக்கிறது என்று மலேசியா 2003ல் ஹாம்பர்க்கிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. இரு நாடும் ஒத்துழைத்து, நிபுணர் குழு அமைத்துப் பாதிப்பை ஆராய வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2005 ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது. ஜொகூர் மீனவர்களுக்கு இழப்பீடும் கிடைத்தது. அனைத்துலகச் சட்டம் முறையாக வேலை செய்தால் இரு தரப்பும் அதை மதித்து நடக்க முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஆக, எழுதும் இடத்தில் நாம் இருக்கிறோம், கற்பிக்கும் இடத்தில் இருக்கிறோம், அரசாங்கத்தின் வழக்கறிஞர்கள் உலகத் தரமானவர்கள். அரசாங்கம் அல்லாத ஒருவர் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்து நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் இடம்தான் ஏறக்குறைய காலியாகக் கிடக்கிறது. அதன் விளைவைப் புகைமூட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம்.

எல்லை தாண்டும் புகை பற்றிய சட்டத்தின் வேர் கனடாவில் இருக்கிறது. டிரெயில் என்ற ஊரின் உருக்காலையிலிருந்து வந்த கந்தகப் புகை, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விவசாயிகளின் பயிரைக் கெடுத்தது. விவசாயிகள் சங்கமாகக் கூடினார்கள். விவகாரம் இரு நாட்டு நடுவர் மன்றம்வரை போனது. தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகை அடுத்த நாட்டுக்குப் பெருங்கேடு செய்யும்படி தன் மண்ணைப் பயன்படுத்த எந்த நாட்டுக்கும் உரிமையில்லை என்று 1941ல் அந்த மன்றம் சொன்னது. ஸ்டாக்ஹோம் பிரகடனத்தின் 21ஆம் கொள்கையும் ரியோ பிரகடனத்தின் 2ஆம் கொள்கையும் அந்த வழியில் வந்தவை.

நம் வட்டாரத்தில், இந்தோனேசியாவில் மூட்டிய தீயால் எழுந்த 1997ன் கடும் புகைமூட்டத்துக்குப் பிறகு, 2002 ஜூனில் ஆசியான் எல்லை தாண்டிய புகைமூட்ட உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்றது 2014ல்தான். உடன்படிக்கையில் தண்டனை எதுவும் கிடையாது. தகராறு வந்தால் கலந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கிடையே 2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது. முகக்கவசம் கடைகளில் தீர்ந்துபோனது, கட்டுமானத் தளங்களிலும் சாலையோரங்களிலும் வேலை செய்த நம் ஆட்கள் அந்தக் காற்றையே சுவாசித்தது எல்லாம் நினைவிருக்கும்.

அடுத்த ஆண்டே சிங்கப்பூர் எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2014 செப்டம்பர் 25ல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டம் உலக அளவில் அரிதான ஒன்று. தீ வெளிநாட்டில், நிறுவனம் வெளிநாட்டில்; ஆனால் கேடு இங்கே என்றால் இங்கேயே வழக்குத் தொடுக்கலாம். நாளொன்றுக்கு 100,000 வெள்ளி, உச்சமாக 2 மில்லியன் வெள்ளி அபராதம். பொதுமக்களின் கருத்துக்கு வைத்த வரைவில் உச்சத்தொகை இதைவிட மிகக் குறைவு. போதாது என்று பலர் எழுதியதால் உயர்ந்தது. நிரூபிக்கும் சுமையையும் சட்டம் சாமர்த்தியமாகக் குறைத்திருக்கிறது. துணைக்கோளப் படமும் காற்றின் திசையும் புகை இங்கே வருவதைக் காட்டினால், அந்தத் தீயின் புகைதான் இது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். வரைபடத்தில் நிலம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அது அவர்களுடையது என்று அனுமானிக்கலாம். மறுப்பது அவர்கள் பொறுப்பு.

இவ்வளவு இருந்தும், 2015ல் புகை திரும்பி வந்து பள்ளிகளை மூட வைத்தபோது என்ன நடந்தது? தேசியச் சுற்றுப்புற வாரியம் ஆறு இந்தோனேசிய நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. மறு ஆண்டு ஒரு நிறுவன இயக்குநரை விசாரிக்க நீதிமன்ற ஆணை பெற்றது; ஜகார்த்தா கண்டனம் தெரிவித்தது. 2015 புகைமூட்டத்துக்காக ஒரு நிறுவனமும் இங்கே தண்டனை பெறவில்லை. அரசாங்கம் வழக்குத் தொடுத்தால் அது உடனே இரு நாட்டு விவகாரமாகிவிடுகிறது. அண்டை நாட்டோடு நூறு விஷயங்களில் ஒத்துழைக்க வேண்டிய அமைச்சுகளின் கை கட்டுப்படுவது இயல்புதான்.

சட்டத்தை எழுதியவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் 6ஆம் பிரிவுப்படி, புகைமூட்டத்தால் நோய்வாய்ப்பட்டவர், சொத்துச் சேதமோ பண இழப்போ கண்டவர் யாராக இருந்தாலும் அந்த நிறுவனத்தின்மீது தாமே உரிமையியல் வழக்குப் போடலாம். ஆஸ்துமா முற்றி மருத்துவமனையில் கிடந்தவர் போடலாம். வெளிப்புற மேசைகள் காலியாகி வியாபாரம் படுத்த தேக்கா உணவுக் கடைக்காரர் போடலாம். தினக்கூலி இழந்த தொழிலாளி போடலாம். இப்படியொரு வழக்கு இன்னும் தீர்ப்புவரை போனதில்லை.

ஏன் என்பது புரியாத புதிரல்ல. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க வேண்டிவரும். இழப்பு தலைக்குச் சில நூறு வெள்ளி, வழக்குச் செலவோ லட்சக்கணக்கில். வென்றால் பங்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் வழக்கறிஞர் வாதாடவும் இங்கே பொதுவாக வழியில்லை. பொதுநல வழக்கு என்ற இந்தியக் கதவும் இங்கே அவ்வளவு அகலமாகத் திறப்பதில்லை. ஹவ்காங் இடைத்தேர்தல் தொடர்பாக அத்தொகுதியில் குடியிருந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த எல்லையைத் தெளிவாக்கியது. பொது உரிமைக்காக வழக்காடுகிறவர் தமக்கென்று தனிப் பாதிப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். விலக்குகள் மிக அரிது. ஆனால், புகைமூட்டச் சட்டத்தின் 6ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவருக்கே நேரடி உரிமையைக் கொடுத்துவிட்டதால் இந்தத் தடை அங்கே எழாது. கதவு திறந்துதான் இருக்கிறது. நுழைவதற்கான செலவையும் ஆபத்தையும் சுமக்க ஓர் அமைப்பு இல்லை. மற்ற நாடுகளில் லாப நோக்கற்ற சட்ட அமைப்புகள் நிற்பது சரியாக இந்த இடத்தில்தான்.

அக்கரையில் நின்றார்கள். 2015 புகையில் இந்தோனேசியாவின் மத்திய களிமந்தானில் உயிர்களே போயின. அங்குள்ள சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அதிபர் உட்பட அரசாங்கத்தின்மீது குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். 2017ல் பலங்கராயா மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2022ல் மறுசீராய்வில் வழக்கு தள்ளுபடியானது. கடைசியில் தோற்றார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஐந்தாண்டில் தீயணைப்புக் கடமை யாருடையது, எந்த விதிமுறை எழுதப்படாமல் கிடக்கிறது, நுரையீரல் சிகிச்சைக்கு ஏன் தனி மருத்துவமனை வேண்டும் என்பதெல்லாம் நீதிமன்ற ஆவணத்தில் ஏறின. அடுத்து வரும் வழக்கு அங்கிருந்து தொடங்கும்.

இக்கரையில் குடிமக்கள் முயற்சியே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 1992ல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கக் காட்டில் குழிப்பந்துத் திடல் அமைக்கும் திட்டம் வந்தபோது, இயற்கைச் சங்கம் தானே சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைத் தயாரித்தது; ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. 2001ல் செக் ஜாவா கடலோரம் கடல் நிரப்பு வேலையிலிருந்து பிழைத்ததும் தன்னார்வலர்கள் அங்குள்ள உயிர்களைப் பதிவு செய்ததால்தான். 2014ல் புகைமூட்டத்துக்கு எதிராகவே ஒரு மக்கள் அமைப்பு தோன்றியது. இவர்கள் எல்லாரும் ஆதாரத்தோடும் பணிவோடும் அரசாங்கத்திடம் பேசி வென்றவர்கள். அந்த வழி நம்மூரில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எதிரில் இருப்பது சுமத்ராவில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் என்றால் மனுவும் சந்திப்பும் எட்டாது. அங்கே வழக்குத்தான் பேசும்.

அப்படியொரு வழக்குக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. தீப்புள்ளிகளையும் புகையையும் கண்காணிக்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையம் சிங்கப்பூரில்தான் இயங்குகிறது. தீவின் ஐந்து வட்டாரங்களுக்கும் மணிக்கு மணி காற்றின் அளவு பதிவாகிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இருபது மணி நேரம் இலவசச் சட்டப் பணி செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் துறையறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இல்லாதவை இரண்டு. பாதிக்கப்பட்ட ஐம்பது பேரின் மருத்துவ ரசீது, சம்பளச் சீட்டு, கடைக் கணக்கு ஆகியவற்றை நாள்வாரியாகத் திரட்டி வைக்கும் ஓர் அலுவலகம் ஒன்று. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவைக் கட்ட ஒதுக்கி வைத்த ஒரு நிதி இன்னொன்று. வெளிநாட்டுத் தொழிலாளிகளில் பலர் தமிழ் மட்டுமே பேசுகிறவர்கள். அவர்களிடம் வாக்குமூலம் வாங்கத் தமிழ் தெரிந்த இளம் வழக்கறிஞர்கள் அந்த அலுவலகத்தில் இருக்க வேண்டும்.